செபஸ்தியம்மா சொன்ன புள்ளிகள்

"எறியாதை! எறியாதையடா! பக்கத்திலை நிக்கிறவனுக்குக் குடு!"

எண்பத்து நாலாம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு பின்னேரம் எங்கள் கல்லூரியின் கூடைப்பந்துத் திடலில் கேட்ட குரல் அது. உள்ளே பந்தை வைத்திருந்த பொடியன் கேட்கவில்லை, எறிந்தான். பந்து வளையத்திலும் படவில்லை, பலகையிலும் படவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் திரும்பினோம். கிழக்குப் பக்கத்துக் கம்பி வேலிக்கு வெளியே, பனையோலையில் பின்னிய வெறும் மீன்கடகத்தைக் காலடியில் வைத்துவிட்டு, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தலையிலடித்துக்கொண்டு நின்றார்.

அவர்தான் செபஸ்தியம்மா. குருநகர்க்காரர். கணவர் கிறகோரி கடலேரியில் வலை வைப்பவர். காலை நாலு மணிக்குக் கரைக்குப் போய் மீன் எடுத்து, கடகத்தைச் சுமந்து வீடு வீடாக விற்று, மிச்சத்தைச் சந்தையில் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிற வழியில் எங்கள் கல்லூரி இருந்தது. வெயிலுக்கு ஒதுங்க வேலியோரத்து வேம்பின் கீழ் நின்றவர், நின்ற இடத்தில் விளையாட்டைப் பார்த்திருக்கிறார். பிறகு வெயில் இல்லாத நாளிலும் நின்றார்.

கல்லூரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பழைய மாணவர்கள் இன்றைக்கும் திருத்தம் சொல்லக் கடிதம் போடுவார்கள். யாழ்ப்பாணப் பட்டினத்தில் கடலுக்குக் கிட்ட இருந்த கல்லூரி என்றால் போதும். உதைபந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் சனம் திரளும். கூடைப்பந்துக்கு எங்களைப்போல ஒரு சிறு கூட்டம்தான். ஆனால் நாங்கள் பயிற்சியைக்கூட விடமாட்டோம். ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்த கனகசபாபதி, அணிக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் தையற்காரர் பரமலிங்கம், தபால் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்த நான். இன்னும் நாலைந்து பேர் வருவதும் போவதுமாக இருப்பார்கள். திடலின் ஓரத்திலிருந்த சீமெந்துப் படியில் குந்தியிருந்து, இந்த வருடம் யார் தேறுவான், அடுத்த வருடம் யார் மிஞ்சுவான் என்று கதைப்போம். கதைப்பது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அநேகமாகச் சண்டை.

செபஸ்தியம்மா ஆறு வருடம் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தார். நாங்கள் ஒருநாளும் அவரை உள்ளே கூப்பிடவில்லை. அது எங்களுக்குத் தோன்றவே இல்லை என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த ஆறு வருடத்தில் எத்தனையோ நடந்தன. ஊரடங்கு போட்டார்கள், எடுத்தார்கள். இந்திய ஆமி வந்தது, போனது. போட்டிகள் ஒரு வருடம் நடக்கும், மறு வருடம் நடக்காது. தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்கியதும் ரயில் நின்றது, கனகசபாபதி ரயில் வராத ஸ்ரேசனிலிருந்து ஓய்வு பெற்றார். மின்சாரம் போனது. கல்லூரியின் கம்பி வேலியும் போனது. அதை யார் கழற்றினார்கள், எந்தப் பதுங்குகுழிப் பங்கருக்குப் போனது என்று எங்களுக்குத் தெரியாது. வேலி இல்லாமல் போனதும் செபஸ்தியம்மா நாலடி முன்னால் வந்து படியின் அந்தத்தில் உட்கார்ந்தார்.

அந்தக் காலத்தில் பந்து கிடையாது. கொழும்பிலிருந்து வரும் சாமான்களில் கூடைப்பந்தைச் சேர்க்க யாருக்கும் மனம் வராது. இருந்த இரண்டு பந்தையும் சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு விளையாடினார்கள். வளையத்தில் வலை கிழிந்து தொங்கியபோது, கிறகோரி நைலோன் நூலில் புதிதாக இரண்டு பின்னிக் கொடுத்தார். பந்து அதற்குள்ளால் விழும்போது கேட்கிற 'சர்' என்ற சத்தம் மற்றக் கல்லூரிகளில் இல்லை என்று பரமலிங்கம் எல்லாரிடமும் பீற்றிக்கொள்வார்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுப் போட்டிகள் முடிந்த கையோடு எங்களுக்குள் ஒரு பெரிய விவாதம் வந்தது. அந்த வருட அணியில் முதல் ஐந்து பேரில் மூன்று பேர் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு விலகுகிறார்கள். மிஞ்சுவது கப்டன் சிமியோனும் அடைக்கலநாதனும்தான். சிமியோனைப் பற்றிச் சண்டை இல்லை. சண்டை அடைக்கலநாதனைப் பற்றி. ஆறடி இரண்டு அங்குலம் உயரம். அந்த வயதில் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளில் அவ்வளவு உயரம் வேறு ஒருவரும் இல்லை. ஆனால் எறிந்தால் விழாது.

"அவனை வைச்சுக்கொண்டு அடுத்த வருசம் ஒண்டும் கிழிக்கேலாது," என்றார் கனகசபாபதி. "மரம் மாதிரி நிக்கிறான். நிப்பாட்டிப்போட்டுக் கீழ் வகுப்பிலையிருந்து ஒருத்தனை ஏத்தவேணும்."

"உயரத்தை ஆர் குடுக்கிறது ஐயா?" என்றார் பரமலிங்கம். "எறியப் பழக்கினாச் சரி. ஒரு நாளைக்கு நூறு எறியட்டும்."

"ஆயிரம் எறிஞ்சாலும் உவனுக்கு வராது."

படியின் அந்தத்திலிருந்து செபஸ்தியம்மா சொன்னார்: "அவனை எறியப் பழக்காதேங்கோ. நிப்பாட்டவும் வேண்டாம்."

கனகசபாபதி திரும்பிப் பார்த்தார். "உனக்கென்ன தெரியும்?"

"கடைசி நாலு மட்ச்சிலை அவன் எறிஞ்சது இருபத்தாறு. விழுந்தது அஞ்சு. அது உண்மை," என்றார் அவர். "ஆனா மற்றவை எறிஞ்சு விழாமல் பலகையிலை பட்டு வந்த பந்து முப்பத்தொண்டு அவன்ரை கையிலை. அந்த முப்பத்தொண்டிலை எட்டைத்தான் அவன் சிமியோனுக்குக் குடுத்தவன். எட்டிலை ஆறு விழுந்தது. மிச்சத்தையெல்லாம் தானே எறிஞ்சான், இல்லாட்டி ஆருக்கெண்டு தெரியாமல் விட்டான். பந்தை எடுத்தால் உடனை சிமியோனைப் பார் எண்டு சொல்லுங்கோ. அது காணும்."

பிறகு பரமலிங்கம் சிரித்தார். "ஆறோ? ஏழில்லையோ?"

"ஆறு. ஏழாவது வளையத்திலை சுத்திப்போட்டு வெளியிலை விழுந்தது. அண்டைக்கு நீங்கள் தொப்பி போட்டுக்கொண்டு வந்தனீங்கள்."

எங்களுக்குப் பின்னால் அணிக்குப் பொறுப்பான அருளம்பலம் மாஸ்ரர் நின்றதை அதுவரை ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் அந்த நாலு போட்டிகளின் புள்ளித்தாள்களையும் கொண்டுவந்து படியில் உட்கார்ந்தார். தவறிய எறிகள் புள்ளித்தாளில் இராது, விழுந்தவை மட்டும் இருக்கும். "அக்கா, ரெண்டாவது மட்ச்சிலை சிமியோன் எத்தினை போட்டவன்?" என்று கேட்டார். "பதினாலு. அதிலை ஒண்டு தூரத்தாலை எறிஞ்ச மூண்டு புள்ளி, ஒண்டு பவுலுக்குக் கிடைச்சது," என்றார் செபஸ்தியம்மா. மாஸ்ரர் தாளைப் பார்த்தார். ஒன்றொன்றாகக் கேட்டார். நாலு போட்டியிலும் ஒரு புள்ளி பிசகவில்லை.

செபஸ்தியம்மா நாலாம் வகுப்பு வரை படித்தவர். இலக்கம் எழுதத் தெரியும், ஆனால் எழுதி வைப்பதில்லை. எப்படி நினைவு வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்டேன்.

"நான் எண்ணுறேல்லைத் தம்பி. எந்த இடத்திலை நிண்டு எறிஞ்சவன் எண்டதைத்தான் பாக்கிறனான். அந்த இடத்தை நினைச்சா, விழுந்ததோ விழேல்லையோ எண்டது தானா வரும்."

"இவ்வளவு ஆசையாப் பாக்கிறதுக்கு இதிலை என்ன கிடக்கு?"

அவர் கடகத்தின் விளிம்பைத் தடவியபடி யோசித்தார். "விடியத் துவங்கி எல்லாரும் என்னட்டை ஏதோ ஒண்டு கேக்கினம். ஓரா இருக்கோ, திரளி இருக்கோ, ஏன் நேற்று வரேல்லை எண்டு. இஞ்சை வந்தா ஒருத்தரும் ஒண்டும் கேக்கினமில்லை. பாத்துக்கொண்டிருந்தாக் காணும்."

அதற்குப் பிறகு நாங்கள் அவரிடம் கேட்கத் தொடங்கிவிட்டோம்.

அருளம்பலம் மாஸ்ரர் அடைக்கலநாதனுக்குச் சொன்னது ஒரே ஒரு விடயம்தான்: பந்தை எடு, சிமியோனைப் பார். தொண்ணூற்று மூன்றில் ஒட்டுப் போட்ட பந்தோடும் புதுப் பொடியன்கள் மூன்று பேரோடும் எங்கள் அணி ஒவ்வொன்றாக வென்று இறுதிப் போட்டிக்கு வந்தது. எங்கள் பக்கத்துக்கு அப்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. கனகசபாபதி மட்டும், அடைக்கலநாதனைத் தான்தான் முதலில் கண்டுபிடித்ததுபோலக் கதைக்கத் தொடங்கியிருந்தார்.

இறுதிப் போட்டி எங்கள் திடலிலேயே நடந்தது. எதிரணி வலிகாமத்திலிருந்து வந்த கல்லூரி. இருபது சைக்கிளில், ஒன்றில் இரண்டு பேராக டபிள் ஏற்றி, அணியும் ஆதரவாளர்களுமாக வந்திறங்கினார்கள். நல்ல அணி. முதற்பாதி முடிய இருபதுக்கு இருபத்துமூன்று என்று அவர்கள் முன்னால். இரண்டாம் பாதியில் சிமியோன் விடாமல் போட்டான். புள்ளி ஏறி இறங்கி, முடிய இன்னும் நாலு நிமிடம் என்றபோது வானத்தில் இரைச்சல் கேட்டது.

"பொம்மர்!" என்று யாரோ கத்தினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை யாழ்ப்பாணத்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இருநூறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து பங்கர்களுக்கும் மதிலோரத்துக்கும் ஓடினோம். விமானம் இரண்டு முறை சுற்றியது. தூரத்தில், கிழக்கே, இரண்டு குண்டு விழுந்த அதிர்வு காலில் தெரிந்தது. பிறகு இரைச்சல் தேய்ந்தது. அரை மணித்தியாலம் கழித்து ஒவ்வொருவராக வெளியே வந்தோம். திடலில் நின்ற ஒருவருக்கும் காயம் இல்லை. செபஸ்தியம்மா முதல் வேலையாக வீதிக்குப் போய், குருநகர்ப் பக்கமாகச் சைக்கிளில் வந்த ஒருவரை மறித்து, அந்தப் பக்கம் விழவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு திரும்பி வந்தார்.

மத்தியஸ்தர் விளையாட்டைத் தொடரலாம் என்றார். அப்போதுதான் தெரிந்தது. ஓடிய அவசரத்தில் புள்ளி குறிக்கும் மேசை கவிழ்ந்து, மேசைக்குக் கீழிருந்த தண்ணீர் வாளிக்குள் தாள் விழுந்திருந்தது. பேனை மை முழுவதும் கரைந்து நீலத் தண்ணீர். புள்ளி எழுதிய கரும்பலகையைப் பத்துப் பேர் மிதித்து அழித்திருந்தார்கள். தாள் எழுதிய ஆசிரியர் நடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய வீடு குண்டு விழுந்த பக்கம். அவரிடம் அப்போது புள்ளி கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. மத்தியஸ்தர்களில் ஒருவர் அவரைச் சைக்கிளில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"நாற்பதுக்கு முப்பத்தொன்பது. நாங்கள் முன்னுக்கு," என்றான் சிமியோன். எங்கள் கூட்டம் முழுவதும் ஓம் ஓம் என்றது. நானும் சொன்னேன். எனக்கு அப்படித்தான் நினைவு.

"பிழை," என்றான் அவர்களுடைய கப்டன். "எங்களுக்கு நாற்பத்தொண்டு. உங்களுக்கு முப்பத்தெட்டு."

சத்தம் எழுந்தது. வலிகாமத்துப் பொடியன்களில் சிலர் சைக்கிள்களை நோக்கி நடந்தார்கள். விளையாட்டைக் கைவிட்டுவிட்டுப் போகப்போகிறார்கள் என்று நினைத்தோம். மிஞ்சி நின்ற மற்ற மத்தியஸ்தருக்குப் பாதி நினைவு இருந்தது, பாதி இல்லை. அருளம்பலம் மாஸ்ரர் அவரிடம் போய், "ஒருவரைக் கூப்பிடுறன். அவ சொல்லுறதைக் கேட்டுப் பாருங்கோ. உங்கடை நினைவோடை பொருந்தினால் எடுங்கோ, பொருந்தாட்டி விடுங்கோ," என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "செபஸ்தியம்மா அக்கா, ஒருக்கா வாங்கோ," என்று கூப்பிட்டார்.

"உவ உங்கடை ஆளல்லோ!" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"எங்கடை ஆள்தான்," என்றார் மாஸ்ரர். "முதல் கேளுங்கோ."

செபஸ்தியம்மா திடலின் நடுவுக்கு வந்தார். வெறுங்கால். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். அவ்வளவு பேரும் தன்னைப் பார்ப்பது பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கையை நீட்டி ஒவ்வொரு இடமாகக் காட்டிச் சொல்லத் தொடங்கினார்.

"முதல் போட்டது அவையள். ஏழாம் நம்பர், உந்த மூலையிலை. ரெண்டு. பேந்து சிமியோன், பலகைக்கு நேரை. ரெண்டுக்கு ரெண்டு. பேந்து அவையின்ரை கப்டனுக்கு பவுல், ரெண்டு எறிஞ்சவர், ஒண்டு விழுந்தது…"

அப்படியே சொல்லிக்கொண்டு போனார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முதலில் சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். வலிகாமத்து ஏழாம் நம்பர்காரன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டத் தொடங்கினான். முதற்பாதி இருபதுக்கு இருபத்துமூன்று என்று முடித்தபோது மத்தியஸ்தர், "சரி, அது எனக்கும் நினைவு," என்றார்.

இரண்டாம் பாதியில் ஓரிடத்தில் நிறுத்தினார். "இதிலை அவையின்ரை ஒன்பதாம் நம்பர் ஒண்டு போட்டவர். ஆனா அதுக்கு முதலே நீங்கள் விசில் ஊதிப்போட்டீங்கள். கோட்டுக்கு வெளியிலை கால் வைச்சவர்."

மத்தியஸ்தர் நெற்றியைத் தேய்த்தார். "ஓம். ஊதினனான்."

வலிகாமத்துக் கப்டனின் முகம் மாறியது. எங்கள் பக்கம் கைதட்டினோம். நாற்பத்தொன்று முப்பத்தொன்பதாகிவிட்டது, ஆகவே நாங்கள் முன்னால். செபஸ்தியம்மா கைதட்டு முடியும்வரை கண்ணைத் திறக்காமல் நின்றார். பிறகு தொடர்ந்தார்.

"அதுக்குப் பிறகு எங்கடை அடைக்கலநாதன் ஒண்டு போட்டவன். எல்லாரும் எழும்பிக் கத்தினவை. நானும் கத்தினனான். ஆனா அவன் பந்தைத் தட்டாமல் மூண்டு அடி வைச்சவன். நீங்கள் செல்லாது எண்டு கையை ஆட்டினீங்கள். எங்கடை சத்தத்திலை ஒருத்தருக்கும் தெரியேல்லை."

அடைக்கலநாதன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் கையாட்டினது உண்மை," என்றார் மத்தியஸ்தர்.

"எங்களுக்கு முப்பத்தெட்டு. அவைக்கு முப்பத்தொன்பது," என்று சொல்லிவிட்டு செபஸ்தியம்மா கண்ணைத் திறந்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தின் புள்ளியைச் சரியாகத்தான் நினைவு வைத்திருந்தது. தன் புள்ளியில்தான் ஒவ்வொருவருக்கும் இரண்டு கூடியிருந்தது.

மத்தியஸ்தர் அதையே புள்ளியாக எடுத்தார். மிச்ச நாலு நிமிடத்தையும் விளையாடினார்கள். எங்கள் பொடியன்கள் உயிரைக் கொடுத்து விளையாடினார்கள். முடிவு நாற்பத்துமூன்றுக்கு நாற்பத்துநாலு. ஒரு புள்ளியால் தோற்றோம்.

வலிகாமத்துக்காரர் கோப்பையோடு சைக்கிள் ஏறிப் போனபின் எங்கள் படியில் இருந்த இருப்பைச் சொல்லமுடியாது. பரமலிங்கம் முதல் வெடித்தார். "வாயை மூடிக்கொண்டு நிண்டிருந்தால் கோப்பை இஞ்சை இருந்திருக்கும். ஆர் உம்மட்டைக் கேட்டது?"

"மாஸ்ரர் கேட்டவர்," என்றார் செபஸ்தியம்மா.

"கேட்டால்? அவையின்ரை ரெண்டைக் குறைச்சதோடை நிப்பாட்டியிருக்கலாமே!"

செபஸ்தியம்மா கடகத்தை எடுத்துத் தலையில் வைத்தார். "அப்பிடிச் சொன்னா அது மட்ச் இல்லை," என்று மட்டும் சொன்னார். நடந்து போனார். கனகசபாபதி மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

பரமலிங்கம் சொன்னதை அந்த ஒரு வாரம் பட்டினத்தில் பலர் சொன்னார்கள். மீன் வாங்குகிற வீடுகளிலும் கேட்டார்களாம். ஒரு வீட்டில், எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர், வாசற் படலையைத் திறக்காமலே அனுப்பினாராம். இதெல்லாம் எனக்குப் பிறகு கிறகோரி சொல்லித்தான் தெரியும். "இவள் ஏன் இந்தப் பந்துக்குப் போய்ப் பகை தேடுறாள் எண்டு நான் கேட்டனான். அதுக்கு, உன்ரை வலையிலை விழாத மீனை விழுந்தது எண்டு சொல்லுவியோ எண்டு என்னட்டைத் திருப்பிக் கேக்கிறாள்."

செபஸ்தியம்மா இனி வரமாட்டார் என்று நான் நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை நாலு மணிக்கு வழக்கம்போல வந்தார். கடகத்தை வைத்தார், உட்கார்ந்தார். ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. அவர் திடலைப் பார்த்தபடியே சொன்னார்:

"நாங்கள் ஒரு புள்ளியாலை தோக்கேல்லை. பவுலுக்குக் கிடைச்ச எறியள் பதினொண்டு. விழுந்தது நாலு. ஒருத்தரும் மறிக்காமல், சும்மா நிண்டு எறியிற எறி. அதிலை ஏழு பிழைச்சது. ஏழிலை ரெண்டு விழுந்திருந்தா, நான் சொன்னாலென்ன சொல்லாட்டி என்ன, கோப்பை இஞ்சைதான்."

கனகசபாபதி மெல்லக் கேட்டார்: "இந்த வருசம் முழுக்க எப்பிடி?"

"எழுபத்திரண்டு எறிஞ்சது. இருபத்தொன்பது விழுந்தது."

"சிமியோன்?"

"சிமியோன் பரவாயில்லை, பதினெட்டிலை பதினொண்டு. மற்றவைதான் மோசம். அடைக்கலநாதன் பதினாறிலை மூண்டு. ஆனா பாருங்கோ, அந்த மூண்டும் அவன் முழங்காலை மடிச்சு எறிஞ்சது. நிமிந்து நிண்டு எறிஞ்சது ஒண்டும் விழேல்லை."

கனகசபாபதி எழுந்தார். வேட்டியைத் தட்டிக்கொண்டு செபஸ்தியம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நீங்கள் இதை மாஸ்ரருக்குச் சொல்லவேணும்," என்றார். அவர் அந்தப் பெண்ணை 'நீங்கள்' என்று சொன்னது அன்றைக்குத்தான் முதல்தரம். பரமலிங்கம் என்னைப் பார்த்தார். நான் பார்க்காதமாதிரி இருந்தேன்.

அந்த வருடத்து மிச்ச மாதங்கள் எல்லாம் எங்கள் விவாதம் அதைப் பற்றித்தான். சிமியோன் விலகிவிட்டான். அவனுடைய இடத்துக்கு யார்? கீழ் வகுப்பிலிருந்து வந்த பஞ்சலிங்கம் ஓடுவான், ஆனால் இடக்கையால் தட்டமாட்டான். அவனைக் கப்டனாக்கலாமா, ஒரு வருடம் பொறுக்கலாமா? கனகசபாபதி ஒரு பக்கம், பரமலிங்கம் மறு பக்கம். நடுவில் செபஸ்தியம்மா எண்ணிக்கைகளைப் போடுவார். யாருக்கும் சார்பாகப் போடமாட்டார். ஒருநாள் கனகசபாபதி வெல்வார், மறுநாள் பரமலிங்கம். அருளம்பலம் மாஸ்ரர் பயிற்சி முடிகிற நேரத்தில் ஒவ்வொரு பொடியனும் பவுல் கோட்டில் நின்று ஐம்பது எறியவேண்டும் என்று சட்டம் போட்டார். அடைக்கலநாதன் முழங்காலை மடித்து மடித்து எறிந்தான். இருட்டினால் வளையம் தெரியாது. தெரியும்வரை எறிந்தான். ஐப்பசியில் ஐம்பதில் இருபது. தையில் ஐம்பதில் முப்பத்துநாலு. அந்த முப்பத்துநாலாவது விழுந்த அன்று செபஸ்தியம்மா எழுந்து நின்று கைதட்டினார். அவர் கைதட்டி நாங்கள் அதற்கு முதல் கண்டதில்லை.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு இறுதிப் போட்டியில் மறுபடி அதே இரண்டு கல்லூரிகள். இந்தத் தடவை வலிகாமத்தில் அவர்களுடைய திடலில். போட்டிக்கு இரண்டு நாள் முதல் அருளம்பலம் மாஸ்ரர் ஒரு கடிதத்தோடு படிக்கு வந்தார். எதிரணியின் மாஸ்ரர் எழுதியது. அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். புள்ளி மேசையில் இரு பக்கத்து ஆசிரியர்களும் இருப்பார்கள். அவர்களோடு சென்ற ஆண்டு புள்ளி சொன்ன அம்மையாரும் இருக்கவேண்டும் என்று தங்கள் அணி கேட்கிறது. பொடியன்கள்தான் கேட்கிறார்கள், தான் எழுதுவது அதற்காகத்தான் என்று இருந்தது.

செபஸ்தியம்மா இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "அண்டைக்கு மீன் என்ன செய்யிறது?" என்றார்.

"நான் விக்கிறன்," என்றார் கனகசபாபதி. எல்லாரும் சிரித்தோம். கடைசியில் கிறகோரி அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை, விற்க மீனும் இருக்கவில்லை.

பரமலிங்கத்தின் சைக்கிளில்தான் அவர் வலிகாமத்துக்குப் போனார். பன்னிரண்டு மைல். பரமலிங்கமே கேட்டு ஏற்றிக்கொண்டார். செபஸ்தியம்மா திருநாளுக்குக் கட்டும் நீலக்கரைச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, காலில் செருப்புப் போட்டிருந்தார். நானும் கனகசபாபதியும் பின்னால் மிதித்தோம். பாதி வழியில் பரமலிங்கம் மூச்சு வாங்கியபடி ஏதோ சொல்லத் தொடங்கினார். "அண்டைக்கு நான் கதைச்சது…"

"எதிர்காத்திலை கதையாதேங்கோ, இளைக்கும்," என்றார் செபஸ்தியம்மா.

அங்கே மேசையில் மூன்று கதிரை போட்டிருந்தார்கள். நடுக் கதிரை அவருக்கு. உட்காருவதற்கு முதல் கதிரையின் முதுகைக் கையால் ஒருதரம் பிடித்துப் பார்த்தார். வலிகாமத்து ஏழாம் நம்பர்காரன், இப்போது அவன்தான் கப்டன், மேசைக்கு வந்து, "வணக்கம் அம்மா," என்றான். அவர் எழும்பப் பார்த்தார். அவன் வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

அந்தப் போட்டியைப் பற்றி நான் ஒரு புத்தகமே எழுதுவேன். இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். ஐம்பத்தொன்றுக்கு நாற்பத்தாறு. நாங்கள் வென்றோம். பவுலுக்குக் கிடைத்த எறிகள் பதினாலு, விழுந்தது பதினொன்று. அதில் கடைசி நாலும் அடைக்கலநாதனுடையவை. முடிய ஒரு நிமிடம் இருக்க, வித்தியாசம் ஒன்றாக இருந்தபோது, அந்தச் சனத்தின் கூச்சலுக்கு நடுவே முழங்காலை மடித்து எறிந்தவை. மேசையில் இருந்த செபஸ்தியம்மா கத்தவில்லை. மேசையில் இருப்பவர் கத்தக்கூடாது என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துச் சேலையைக் கசக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. முடிவு விசில் ஊதியதும் இரு ஆசிரியர்களும் தாள்களை அவர் முன்னால் நீட்டினார்கள். இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஓம், சரி," என்றார். அதற்குப் பிறகுதான் கத்தினார். அந்தச் சத்தத்துக்கு மதிலில் இருந்த காகம் பறந்தது.

அடைக்கலநாதன் கோப்பையை நேரே மேசைக்குக் கொண்டுவந்தான். செபஸ்தியம்மா அதைக் கையில் வாங்கவில்லை. "மீன் மணக்கும்," என்றார். அவன் அதை அவருடைய மடியில் வைத்துவிட்டுப் போனான். கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படி அந்தப் பத்து வருடத்தில் நடந்த நல்ல விடயங்களைக் கை விரலில் எண்ணலாம். அது ஒன்று.

அடுத்த வருடம் ஐப்பசி முடிவில், ஆமி முன்னேறி வர, வலிகாமமும் பட்டினமும் ஒரே இரவில் வெறிச்சோடின. எல்லோரும் கிழக்கே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தோம். கொட்டும் மழை. யார் எங்கே என்று தெரியாது. ஒரு மாதத்துக்குப் பிறகு கொடிகாமம் சந்தையில் நான் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கும்போது, நண்டு வைத்து விற்றுக்கொண்டிருந்த ஒருவர், "போஸ்ற்றோபீஸ் தம்பி!" என்று கூப்பிட்டார். செபஸ்தியம்மா. மெலிந்து கறுத்திருந்தார். கிறகோரி சுகம் என்றார். ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்தில் பதினொரு குடும்பத்தோடு இருப்பதாகச் சொன்னார்.

"கனகசபாபதி ஐயாவும் அங்கைதான். காலமையெல்லாம் சண்டை பிடிக்கிறார்."

"ஆரோடை?"

"என்னோடைதான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை ஒரு வளையம் கிடக்கு. பலகை இல்லை, வளையம் மட்டும். அகதியா வந்த பொடியள் அதிலை எறியினம். அளவெட்டிப் பொடியன் ஒருத்தன் நிக்கிறான், பதினாலு வயது. தூரத்தாலை எறியிறான், பத்துக்கு ஆறு விழுது. ஐயா சொல்லுறார் அவன் கட்டை, வளரமாட்டான், சரிவராது எண்டு. நான் சொல்லுறன், கட்டையா இருந்தாலென்ன, கை இருக்கு. ரெண்டு வருசத்திலை அவன் ஆர் எண்டு பாருங்கோ." நண்டொன்று கடகத்தின் விளிம்பில் ஏறியது. அவர் அதைக் கவனிக்காமல் பிடித்து உள்ளே போட்டார். "நீங்கள் வந்து பாத்துச் சொல்லுங்கோ தம்பி. நாளைக்குப் பின்னேரம் வாறியளே?"

"வாறன்," என்றேன்.

மறுநாள் மழை விட்டிருந்தது. நான் போனேன். பரமலிங்கத்தையும் எங்கேயோ தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். நாலு பேரும் ஈரமான ஒரு தென்னங்குற்றியில் உட்கார்ந்து, அந்த அளவெட்டிப் பொடியன் தேறுவானா மாட்டானா என்று இருட்டும்வரை சண்டை பிடித்தோம்.